தேயிலைக் கட்டை கட்டிய சாவி

இரண்டாம் வியாழன்தோறும்
கோவையிலிருந்து கோத்தகிரிக்குக் குடல் டாக்டர் வருவார்.
நான் பதிவுச்சீட்டு எழுதுகிறவள்.
ஊழியர் கழிப்பறையின் சாவியும் என் இழுப்பறையில்தான்.
தொலையாமலிருக்க
கவாத்தில் வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்றை
அதில் கட்டி வைத்திருக்கிறேன்.
ஒரு சாண் நீளம். யாராலும் ஒளித்துக்கொண்டு போக முடியாது.

துவாரகேஷுக்கு அதுதான் சங்கடம்.
வயது இருபத்தொன்று. சாவி என்று கேட்கவே மாட்டான்.
"அக்கா, பேனா இருக்கா?"
பேனாவை நீட்டினால் வாங்கிக்கொண்டு
அங்கேயே நிற்பான்.
வெளியே பனி சன்னலில் ஒட்டிக் கிடக்கும்,
அவன் நெற்றியில் வேர்வை.
இப்போதெல்லாம் பேனா என்றாலே
இழுப்பறையைத் திறந்துவிடுகிறேன்.

அவன் வயதுக்காரர்கள்தான் அதிகம்.
பத்தொன்பது, இருபத்துநான்கு, இருபத்தேழு.
மேட்டுப்பாளையம் பஸ் ஏறும் முன்
முந்தைய இரவே பட்டினி கிடக்கிறவர்கள்.
எந்தக் கொண்டை ஊசி வளைவில் டிரைவர் நிறுத்துவார்,
எதில் முறைப்பார் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.
நிச்சயம் முடிந்த ஒரு பெண்
நோயின் பெயரைச் சீட்டில் எழுதாதீர்கள் என்றாள்.
வயிற்றுவலி என்று எழுதினேன்.
டாக்டர் அடித்துத் திருத்தினார்.

அறுபத்தாறு வயது பெள்ளா கவுடருக்கு
இந்தக் கூச்சம் ஒன்றுமில்லை.
வாசலிலிருந்தே குரல் வரும்:
"சாவியம்மா, நேரமில்லை!"
புற்றுநோய் என்று பயந்து, தோட்டத்தை மகன்களுக்கு எழுதிவைத்து,
கேமரா டெஸ்ட் முடிந்து திரும்பியவர்.
"இளவட்டங்களுக்கு வர்ற வியாதியாம்,
எனக்கு வந்திருக்கு," என்று
கேரட் மூட்டை ஏற்றுகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

ஆஷிக்குக்கு ஒன்பது. அவனுக்காக அம்மா கேட்பாள்.
மருந்தில் முகம் மட்டும் நிலாவாக உப்பியிருக்க
கழிப்பறை நிலையில் பென்சிலால் அவன் உயரத்தைக் குறிப்பேன்.
மூன்று வியாழன்கள்,
ஒரே கோட்டின்மேல் மூன்று கோடு.

டாக்டர் ஒருநாள் ஐந்து வருடப் பதிவேட்டையும் கேட்டார்.
வயதுவாரியாகக் கட்டம் போட்டார்.
சிறுவர்கள் விரலுக்குள் அடக்கம்.
இருபதுகளில் செங்குத்தாக ஏறுகிறது,
நாற்பதை ஒட்டி இறங்குகிறது,
அறுபது பக்கம் சின்னதாக மறுபடி ஒரு மேடு.
"உங்க மலை மாதிரியே இருக்கு பாருங்க" என்றார்.
சமவெளிக்காரர்களுக்கு
எதைப் பார்த்தாலும் மலைதான்.

நான் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு
வரவில்லையா,
அல்லது அவர்கள்
வரவில்லையா?
கேட்டேன்.
"இரண்டும் இருக்கலாம்" என்றார்,
பேனாவை மூடிவிட்டு, பிறகு மறுபடி திறந்து.

யோகராணி வந்தது போன வியாழன்.
நாற்பத்து மூன்று. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள்.
ஆறு வருடம் மூலம் என்று
மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கியிருக்கிறாள்.
இரத்தம் போகிறதென்று கங்காணியிடம் எப்படிச் சொல்வது?
எடை போடும் நேரத்தில் வரிசையை விட்டால்
அன்றைய கூலியில் பாதி போச்சு.
அதனால் செடி மறைவு. காட்டெருமை நின்றால்
அது போகும்வரை பல்லைக் கடித்துக்கொள்வாளாம்.

சாவியை எடுத்துக் கொடுத்தேன்.
கட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
"கத்தி மழுங்கல். வெட்டு நார்நாராக இருக்கு" என்றாள்.
அப்புறம்தான் அது எதற்கான சாவி என்று கேட்டாள்.
சொன்னேன்.
"பூட்டிக்கலாமா? உள்ளேருந்து?"

போய்ப் பத்து நிமிடமானது. பதினைந்து.
டாக்டர் இரண்டு முறை பெயர் கூப்பிட்டார்.
துவாரகேஷ் வந்து பேனா கேட்டான்.
இழுப்பறையைத் திறந்து காட்டினேன், காலி.
கழிப்பறைக் கதவுவரை நடந்தான்.
ஆஷிக்கின் பென்சில் கோடுகள்மேல் தோளைச் சாய்த்து
கண்ணை இறுக்கி மூடி நின்றான்.
கை ஒருமுறை கதவுவரை உயர்ந்தது.

தட்டவில்லை.